களிமண் அப்பா

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குகிற கடிதம் இல்லை இது. முட்டி வலியையும் கண்ணில் விழுந்த புரையையும் விட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை எழுதவா தபால்தலை ஒட்டப்போகிறேன்? போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா" என்று கேட்டு அடைத்துவிடுகிறாய். உன் மகள் பின்னால் நின்று ஏதோ பாட்டுப் பாடுகிறாள். அவளைக் கொஞ்சிவிட்டு நானும் வைத்துவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் ஒரு பேச்சை வாய்க்குள்ளேயே வைத்து மென்றுகொண்டிருக்கிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவள், எஸ்டேட் பிள்ளை மடுவத்தில் ஊரார் குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்தபடியே வருகைப் பேரேடும் எழுதியவள், எனக்கு எழுதத் தெரியாமல் இல்லை. தைரியம்தான் இல்லை. இப்போதும் வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். நீ அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு, எழுதாமல் செத்துப்போனால் உன் அப்பா அங்கே என் முகத்தில் முழிக்கமாட்டார் என்று பயம் வந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு உங்கள் ஊர் டிவியில் போட்ட படம் என்று அனுப்பினாயே, அதைப் பக்கத்து வீட்டு சரோஜாவின் மகள் அவர்கள் வீட்டுப் பெரிய டிவியில் போட்டாள். எஸ்டேட் லைன் வீடுகளில் பாதிப் பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நம் பையன் சீமையில் பொம்மையை நடக்க வைக்கிறான் என்றால் சும்மாவா? பனி கொட்டுகிற ஒரு ஊர், ஒரு பொம்மைக் கடை, அதற்கு ஒரு காவல்காரக் கிழவன். கிழவன் முதல் தடவை கதவைத் திறந்துகொண்டு வந்தானே, அப்போதே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. குரங்குக் குல்லா, கழுத்தைச் சுற்றித் துண்டு, காக்கிக் கோட்டு, வலது காலை இழுத்து இடுப்பில் ஒரு கையைக் கொடுத்து நடக்கிற உன் அப்பாவின் நடை. "பாத்தா ஒனக்கே தெரியும்மா, யாருன்னு" என்று நீ போனில் சிரித்தது இதற்குத்தானா? அவன் ஏணியிலிருந்து வழுக்கினான். கோயில் மணி தலையில் விழுந்து அவன் தலையே மணியடித்தது. ஒரு வாத்து விடாமல் துரத்தி அவன் பின்பக்கத்தைக் கவ்வியது. சிரித்தார்கள் தம்பி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். அவன் முகம் பெரிதாக வந்த ஒரு இடத்தில் கன்னத்தில் ஒரு விரல் ரேகை தெரிந்தது. ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு. ஏழு வயதில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து விளையாடி நீ வெட்டிக்கொண்ட கட்டைவிரல். மஞ்சள் வைத்துக் கட்டியவள் நான், எனக்குத் தெரியாதா?

அப்புறம் அந்த இடம் வந்தது. ஒரு சின்னப் பையன் ஆசையாகச் செய்து வைத்திருந்த பொம்மையைக் கிழவன் பிடுங்கி ஆற்றில் எறிந்தான். ஏன் எறிந்தான் என்று படத்தில் இல்லை. கெட்டவன், அதனால் எறிந்தான். கடைசியில் அவன் கழுத்து வரைக்கும் பனியில் புதைந்து கிடக்க, வாத்து அவன் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ள, எல்லோரும் கைதட்டினார்கள். சரோஜா என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "அக்கா, அச்சு அசலா நம்ம அண்ணன்தான்! அன்னிக்கு இவம் பொம்மையத் தூக்கி எறிஞ்சாருல்ல, அதுக்குப் பய வச்சுச் செஞ்சிட்டான் பாருங்க" என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன். கண் வலிக்கிறது என்றேன். நீ போட்ட ஆள் தப்பு, தம்பி. உன் பொம்மையை ஓடையில் போட்ட ஆள் சேலை கட்டியிருந்தாள்.

எழுதிவிட்டேன். இனி மெதுவாகச் சொல்கிறேன், நீயும் மெதுவாகப் படி.

உனக்குப் பத்து வயதில் எஸ்டேட் மேனேஜர் தொரை பங்களாவில் கிறிஸ்துமஸ் கேக் கொடுக்கக் கூப்பிட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? தொரையின் பிள்ளைகள் ஊட்டி லவ்டேல் ஸ்கூலிலிருந்து லீவுக்கு வந்திருந்தார்கள். சீமையிலிருந்து யாரோ டிவியில் வந்ததைக் கேசட்டில் பதிந்து அனுப்பிய ஒரு களிமண் படத்தைப் போட்டார்கள். ஒரு கிழவன் விருந்துக்கு அறுக்க என்று ஒரு வாத்து வாங்கி வருவான், கடைசியில் அதற்குக் குளிருமே என்று தானே சட்டை பின்னிப் போடுவான். மற்ற பிள்ளைகள் கேக்கைப் பார்த்தார்கள், நீ கிழவனைப் பார்த்தாய். திரும்பி வரும்போது ஏற்றம் முழுக்க ஒரே கேள்வி. "அவன் கன்னத்துல யாரோ வெரல் வச்ச மாதிரி இருந்துச்சும்மா. யாரும்மா வச்சா?" எனக்கு என்ன தெரியும்? "சாமி வச்சிருக்கும், பேசாம நட" என்றேன். உன் அப்பாதான் நின்று, குனிந்து, "எவனோ உக்காந்து கொஞ்சங் கொஞ்சமா தள்ளி வச்சுப் படம் புடிச்சிருப்பான்டா. நம்ம ரோலரு சுத்துற மாதிரிதான். சுத்துறது தெரியும், சுத்துறவன் தெரியமாட்டான்" என்றார். ஃபேக்டரியில் கொழுந்தை முறுக்குகிற ரோலரில் வேலை பார்த்தவர் அல்லவா, எதையும் அந்த மெஷினை வைத்துத்தான் அவருக்குச் சொல்லத் தெரியும்.

ஏழு வருஷம் கழித்துத் தேயிலை விலை விழுந்தது. விழுந்ததென்றால் எழுந்திருக்கவே இல்லை. கொழுந்து செடியிலேயே முற்றிக் கிடந்தது. ஃபேக்டரிக் கதவில் பூட்டுத் தொங்கியது. காலைச் சங்கு ஊதாமல் போனதும் லைனில் ஒரு வீட்டிலும் ஒழுங்காக விடியவில்லை. நடுப்பகலில் ஆம்பிளைகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிற கண்றாவியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. உன் அப்பா சிலோனிலிருந்து கப்பலில் வந்த பிள்ளை. ஒரு மலையை விட்டு இன்னொரு மலைக்கு வந்தவருக்கு வேலைதான் ஊர். பூட்டிய ஃபேக்டரிக்குத் தினமும் நடந்து போவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், திரும்பி வருவார். அதைப் பார்த்துத்தானே நீயும் ஒரு களிமண் படம் எடுக்க உனக்கு அந்தக் கதை தோன்றியது? வேலை போன ஆள் ஃபேக்டரி ஜன்னல் வழியாக நுழைந்தால், ஓடாத ரோலருக்குள் ஒரு கோழி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருக்கும். அதை விரட்டப் போய் விழுந்து எழுந்து, கடைசியில் இவரே முட்டைக்குக் காவல் இருப்பார். பந்தலூர் ஸ்டூடியோக்காரர் கல்யாண வேலை இல்லாமல் வீடியோ கேமராவைச் சும்மா வைத்திருந்தார். அவர் கடையைக் கூட்டிப் பெருக்கி அதை இரவல் வாங்கி வந்தாய். கேபிள்காரர் கிறிஸ்துமஸ் அன்றைக்கு லோக்கல் சேனலில் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஓடைக்கரைக் களிமண் காய்ந்தால் வெடிக்கும் என்று என் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் காலி பண்ணி மெழுகும் சேர்த்துப் பிசைந்தாய். ஒரு மாதம் நான் பரட்டைத் தலையோடு மடுவத்துக்குப் போனேன். வைதேன்தான், ஆனால் உள்ளுக்குள் பெருமை.

அப்பாவை ஸ்டூலில் உட்கார வைத்து நீ முகம் பிடித்த அந்த நாட்கள்தான், ஃபேக்டரி மூடிய பிறகு அவர் சிரித்த நாட்கள். "மூக்க எதுக்குடா இம்புட்டுப் பெருசா வைக்கிற?" என்பார். "இருக்குறதத்தானப்பா வைக்கிறேன்" என்பாய். கம்பியில் எலும்பு கட்டி, மேலே மண் அப்பி, நிற்பதற்காகக் காலில் குண்டூசி குத்தி, அப்பாவை ஒரு சாண் உயரத்துக்கு நிறுத்திவிட்டாய். ஒரு இம்மி நகர்த்திக் கேமராப் பொத்தானைத் தொடுவாய், மறுபடி ஒரு இம்மி. அவருக்கும் சொல்லிக்கொடுத்தாய். "இம்புட்டு இம்புட்டாத்தான்ப்பா நடக்கணும். அவசரப்பட்டா செத்துரும்" என்று.

அவசரப்பட்டவள் நான். மழைக்காலம் முடிவதற்குள் அவருக்கு வலது முட்டி வீங்கியது, பிறகு கால், பிறகு முகம். சாப்பாடு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் வீக்கம் வடிய மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஒருநாள் மேசையைப் பார்த்தேன், பொம்மையின் வலது முட்டி வளைந்திருந்தது. வெளியே பார்த்தேன், அவர் வலது காலை இழுத்து வந்தார். மறுநாள் பொம்மை இடுப்பில் கைவைத்தது, அன்றைக்கே அவர் இடுப்பு வலி என்றார். நீ அவரைப் பார்த்துப் பொம்மையை வளைத்தாய். நான், நீ பொம்மையை வளைப்பதால் அவர் வளைகிறார் என்று எண்ணினேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். உயிரோடு இருக்கிற ஆம்பிளைக்கு மண்ணில் உருப்பிடித்து, அதன் காலில் ஊசி குத்தி, வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான். குழாயடியில் பெண்கள் சொல்லாமல் சொன்னார்கள். "புள்ள தெரியாமத்தான் செய்யுது. ஆனா செய்வினைக்குத் தெரிஞ்சு தெரியாமன்னு உண்டா?" என்றாள் ஒருத்தி. நான் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் குறி கேட்டு வந்தேன். அமாவாசை உச்சிப்பொழுதில் ஓடுகிற தண்ணீரில் கரைத்துவிடு, வெளியே சொன்னால் பலிக்காது என்றான் குறிசொல்கிறவன்.

நீ பந்தலூர் போயிருந்தாய். அப்பா வழக்கம்போலப் பூட்டை இழுத்துப் பார்க்கப் போயிருந்தார். முந்தானையில் பொம்மையைச் சுற்றிக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன். தண்ணீரில் முக்கினேன். கரையவில்லை, தம்பி. எண்ணெயும் மெழுகும் போட்டுப் பிசைந்த மண் எப்படிக் கரையும்? என் தேங்காய் எண்ணெய்தானே அது. இடுப்பளவு தண்ணீரில் நின்று நகத்தால் பிய்த்தேன். முதலில் கால், பிறகு கை, வயிறு. முகம் மட்டும் என்னால் ஆகவில்லை. அந்தப் பெரிய மூக்கோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு பிய்த்தேன். கம்பியைத் தண்ணீரில் விட்டேன். வீட்டுக்கு வந்து, உன் அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று உலை வைத்தேன். இந்தக் கையால்தான் வைத்தேன்.

அன்று சாயங்காலம் நீ போட்ட சத்தம் இன்னும் கேட்கிறது. "யாரு எடுத்தா? யாரு எடுத்தான்னு கேக்குறேன்ல?" கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றுமே தெரியாது, சத்தியமாகத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார். ஈரம் காயாத என் சேலைக் கரையைப் பார்த்தார். அவ்வளவுதான். "நாந்தான்டா. தூக்கி ஓடையில எறிஞ்சிட்டேன். பொம்ம வச்சு வெளையாடுற வயசா ஒனக்கு? நாலு காசுக்கு வழியப் பாரு" என்றார். அப்படிப் பேசுகிற மனிதரா அவர்? அது உனக்குத் தோன்றவில்லையே என்று பின்னால் உன்மேல்கூடக் கோபப்பட்டிருக்கிறேன். திருடியவள் காவல்காரனைக் கோபித்துக்கொண்ட கதை. நீ எடுத்து வைத்திருந்த கேசட்டை என் அடுப்பிலேயே போட்டாய். உன் அப்பா நடக்கிற படம் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது. அதுவும் என் அடுப்பில்தான் போயிற்று.

நீ திருப்பூருக்கு பஸ் ஏறிய அன்றைக்கு அவரிடம் அழுதேன். "ஏங்க, நாந்தான்னு சொல்லிடுறேங்க" என்றேன். "சும்மா இரு புள்ள. எம்மேல கோவம்னா, ஆத்தா இருக்கான்னு ஒருநா திரும்பி வருவான். ஓம்மேல கோவம்னா எந்தக் காம்பரா வீட்டுக்கு வருவான்?" என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நல்ல வார்த்தை, எனக்கும் வசதியான வார்த்தை. நீ பஜார் பூத்துக்குப் போன் பண்ணும்போதெல்லாம் என்னை மட்டும்தான் கேட்டாய். அவர் பூத்துக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாக என் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வெளியே வந்ததும், "தொண்ட கட்டியிருக்கா அவனுக்கு? சாப்புடுறானாமா?" என்று கேட்பார். ஏழு மாதம் அப்படி நின்றார். எட்டாவது மாதம் நிற்கக் கால் இல்லை. சிறுநீரகம் போய்விட்டது, முன்னாலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்றார்கள். நான் குறி கேட்கப் போன பஸ்ஸே அந்த ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போனது.

நீ வந்து கொள்ளி வைத்தாய். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் கல் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. இருந்த இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டார், மற்றவனும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயந்தேன். அதற்குப் பிறகு நீ சென்னைக்குப் போய் போர்டு எழுதி, பொம்மைப் படக் கம்பெனியில் சேர்ந்து, சீமை வரைக்கும் போய்விட்டாய். வருஷத்துக்கு ஒரு கம்பளிச் சால்வை, மாதத்துக்கு ஒரு தடவை பணம், தினமும் போன். "எனக்கு எங்கம்மா மட்டும்தான்" என்று உன் பெண்டாட்டியிடம் நீ சொன்னதாக அவள் என்னிடம் சொன்னாள். தம்பி, அதில் பாதி அவருடையது. நான் திருடித் தின்றேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் தாய்வாய் சும்மா இருக்காது. நீயும் இப்போது ஒரு பிள்ளைக்கு அப்பன். வீட்டில் ஏதாவது உடைந்து, நீ கேட்ட உடனே யாராவது நான்தான் என்று முன்னால் வந்தால், அவர் முகத்தைப் பார்க்காதே. பக்கத்தில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் முகத்தைப் பார். இன்னொன்று, உன் மகள் எதையாவது செய்து வைத்தால், அது என்னவென்று அவளிடமே கேள். நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "அப்பா நடக்குறதப் பாத்துச் செய்யிறேம்மா" என்று சொல்லியிருப்பாய். ஒரு வார்த்தைதான். அதைக் கேட்காமல் ஊர்ப்பட்டவர்களிடம் கேட்டேன். இந்தக் கடிதத்தை சரோஜாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். நாளைக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும், தெரியட்டும். அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கடிதத்தோடு ஒரு தேயிலை சாம்பிள் டின் வரும். உள்ளே பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன், பதறாமல் திற. நீ போன மறுநாள் அப்பா ஓடைக்குள் இறங்கி, வீங்கின காலோடு கல்லுக்குக் கல் தேடி, அந்தக் கம்பியை எடுத்து வந்தார். மண் எல்லாம் போய் எலும்பு மட்டும் இருந்தது. அதை நிமிர்த்தி, வலது முட்டியைத் தன் முட்டியைப் பார்த்துப் பார்த்து வளைத்து, ஜன்னல் கட்டையில் உள்பக்க ஓரத்தில் ஒரு உருண்டை மண்ணில் நிறுத்தினார். தினமும் காலையில், சங்கு ஊதியிருக்க வேண்டிய நேரத்துக்கு, அதை ஒரு இம்மி நகர்த்துவார். ஒரு இம்மிதான். கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார். எனக்கு அதைப் பார்க்கவே பயம். "என்னங்க இது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "பஸ்ஸு வர்ற பக்கமாப் போறான் புள்ள. நம்ம பய எறங்குறப்ப எதுக்க நிக்கட்டும். அவசரப்பட்டா செத்துரும்னு சொல்லியிருக்கான்ல" என்றார்.

அவர் போன அன்றைக்கு அது ரோட்டுப் பக்க ஓரத்தை எட்டவில்லை. நீ வருவதற்குள் எடுத்து டின்னில் போட்டு மூடிவிட்டேன். அதுவும் என் கைதான். முட்டியை அவர் வளைத்தபடியே விட்டிருக்கிறேன், நிமிர்த்திவிடாதே. இன்னும் ஒரு சாண் தூரம் பாக்கி இருக்கிறது தம்பி. அவரை நீயே நடத்திக் கூட்டிக்கொள்.

அம்மா